பழைய புல்லட் பின் ஷாக்கப்சர்: எந்தச் சத்தத்துக்கு எங்க கை வைக்கிறது

எங்க மாமாவோட 350 புல்லட்டு, வலது பக்கம் கியர் இடது பக்கம் பிரேக்கு இருக்குற பழைய ரகம், அவருக்கு அப்பறம் என் கைக்கு வந்து பதினோரு வருசம் ஆச்சு, இந்தப் பதினோரு வருசத்துல பின் ஷாக்கு மட்டும் மூணு செட்டு வாங்கிட்டேன், அதுல ரெண்டு செட்டு வாங்கிருக்கவே வேணாம்னு இப்பத்தான் புரியுது. பின்னாடி என்ன சத்தம் கேட்டாலும் "ஷாக்கு போச்சுண்ணே, மாத்திருவோம்"ன்னு சொல்லுவாங்க, நம்மளும் மண்டைய ஆட்டிருவோம். கடைசியில சத்தம் வந்தது சைலன்சர் கிளாம்புலயா இருக்கும்.

ஷாக்குன்னா அதுக்குள்ள ரெண்டு சாமான் இருக்கு, அதை மொதல்ல பிரிச்சுப் பாக்கணும். வெளிய சுத்தியிருக்குற ஸ்ப்ரிங் வண்டியைத் தாங்குது. உள்ள எண்ணெய் ரொப்புன குழாய்ல ஒரு பிஸ்டன் சின்னச் சின்ன ஓட்டை வழியா எண்ணெயைத் தள்ளிக்கிட்டு ஏறி இறங்குது பாருங்க, அது ஸ்ப்ரிங்கோட துள்ளலை அடக்குது. ஸ்ப்ரிங் மாடுன்னா எண்ணெய் மூக்கணாங்கயிறு. மாடு கிழடானா ஒரு நோவு, கயிறு அறுந்தா வேற நோவு, ரெண்டையும் வண்டியில கோத்து வச்சிருக்குற ரப்பர் புஷ்ஷு போனா இன்னொரு நோவு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

இங்கிலாந்துல 1949 மாடல் புல்லட்டு வந்தப்பவே பின்னாடி ஸ்விங் ஆர்மும் (பின் வீலைப் பிடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் அசையுற இரும்புக் கை) எண்ணெய் ஷாக்கும் வச்சுத்தான் வந்துச்சு, அந்தக் காலத்துல பாதி வண்டிக்குப் பின்னாடி சஸ்பென்ஷனே கெடையாது, சீட்டுக்கு அடியில இருக்குற ஸ்ப்ரிங்தான். 1955க்கு மேல நம்ம திருவொற்றியூர்ல தயாராச்சு. எதுக்குச் சொல்றேன்னா அத்தனை வருசத்துல ஷாக்கும் பல ரகமா மாறிருக்கு, சிலதை மரை கழட்டித் திறக்கலாம், சிலதை வாயை மடக்கி மூடியிருப்பாங்க, அதனால உங்க வண்டியில இப்ப என்ன மாட்டியிருக்குன்னு பாத்துட்டு மேல படிங்க. கேஸ் ஷாக்கா இருந்தா, சைடுல குட்டி சிலிண்டர் ஒட்டியிருக்கும் இல்லாட்டி மேலயே எழுதியிருக்கும், அதை வீட்ல திறக்குற வேலையே வேணாம். உள்ள அழுத்தத்துல கேஸ் இருக்கு, ட்ரில்லு போட்டாலோ வெல்டு வச்சாலோ மூஞ்சியில அடிச்சிரும்.

ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிசம்

பின் டயர் காத்தைப் பாருங்க. தனியா ஓட்டுறதுக்கு நான் 28 வைக்கிறேன், பின்னாடி ஆள் ஏறுனா 32. ஒரு பெட்ரோல் பங்குல பையன் 45 அடிச்சு விட்டுட்டான், ரெண்டு நாளா ஷாக்கு கல்லாயிருச்சுன்னு பொலம்பிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அடுத்து சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் வீலை மேலயும் கீழயும் பிடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுங்க. வீல் மட்டும் ஆடி ஸ்விங் ஆர்ம் அசையாம நின்னா வீல் பேரிங். ஸ்விங் ஆர்மும் சேந்து ஆடுனா அதோட புஷ்ஷு. இந்த ரெண்டுல எது போயிருந்தாலும் தங்கத்துல ஷாக்கு செஞ்சு மாட்டுனாலும் வண்டி வளைவுல பாம்பு மாதிரிதான் போகும், அதனால அதை முடிச்சுட்டு வாங்க.

பள்ளத்துல இறங்கி ஏறுன பெறகும் ஆடிக்கிட்டே இருக்கு

இது எண்ணெய் நோவு. வண்டியை ஸ்டாண்டுல இருந்து இறக்கி நிறுத்தி, சீட்டுப் பின்பக்கத்தை ரெண்டு கையாலயும் பலமா அமுக்கி விடுங்க. மேல வந்து அப்படியே நின்னா நல்லா இருக்கு. மேல வந்து கீழ போயி திரும்ப மேல வந்து, கல்யாண வீட்டுக் குதிரை மாதிரி ரெண்டு மூணு தடவை தலையாட்டுச்சுன்னா உள்ள அடக்குறதுக்கு ஆள் இல்ல.

ஆனா இடது வலது ரெண்டு ஷாக்குல எது போயிருக்குன்னு இதுல தெரியாது. ஒண்ணொண்ணாக் கழட்டி, ஸ்ப்ரிங்கை எடுத்துட்டு (அது எப்படின்னு கீழ சொல்றேன், அவசரப்பட்டு கை வைக்காதீங்க), ஷாக்கை நெட்டுக்குத்தா பிடிச்சு, பிஸ்டன்ல இருந்து வெளிய வர்ற ராடை அமுக்கி இழுங்க. இழுக்கும்போது இட்லி மாவுக்குள்ள விட்ட கரண்டியை வெளிய எடுக்குற மாதிரி ஒரே சீரா கனமா வரணும். அமுக்கும்போது அதை விட லேசா போகும், அது அப்படித்தான், ஸ்ப்ரிங் திரும்பித் துள்ளுறதை அடக்குறதுதான் அதுக்கு முக்கியமான வேலை. நடுவுல கொஞ்ச தூரம் ஒண்ணுமே இல்லாம சும்மா வந்து அப்பறம் 'களக்'குன்னு பிடிச்சா எண்ணெய் கொறஞ்சு காத்து ஏறியிருக்கு.

இதுல ஏமாந்துறாதீங்க. அலமாரியில படுக்கப் போட்டு வச்சிருந்த ஷாக்கும் இப்படித்தான் காமிக்கும், ஏன்னா படுத்திருக்கும்போது காத்து அங்கிட்டு இங்கிட்டு போயிரும். நிமித்தி வச்சு மெதுவா ஒரு பத்து தடவை முழுசா ஏத்தி இறக்குங்க. அதுக்கு அப்பறமும் சும்மா வந்தாத்தான் அது நோவு. எண்ணெய் ஷாக்கை நிமித்தியே வைக்கணும், நல்லா இருந்த ஒரு ஜோடியை இது தெரியாமத்தான் நான் காயலான் கடையில போட்டேன்.

இன்னொரு வகை இருக்கு. காலையில கெளம்பும்போது நல்லா இருக்கும், மதுரையில இருந்து மேலூர் போயி சேர்றதுக்குள்ள, அதுவும் சித்திரை வெயில்ல, வண்டி கப்பல் மாதிரி ஆட ஆரம்பிச்சிரும். எண்ணெய் சூடாகி நீத்துப் போச்சுன்னு அர்த்தம். பழைய எண்ணெயா இருந்தா மாத்துனா சரியாயிரும், புது எண்ணெய் ஊத்தியும் அப்படியே இருந்தா பிஸ்டன் தேஞ்சு ஓரமா எண்ணெய் ஒழுகுது, அதுக்கு நான் லேத்துப் பக்கம் போக மாட்டேன், புதுசு வாங்கிருவேன்.

எண்ணெய் வழியுது

இடது பக்க ஷாக்கு மட்டும் எண்ணெயா இருந்தா கொஞ்சம் பொறுங்க. புல்லட்டுக்கு செயின் இடது பக்கம். செயினுக்கு நம்ம தாராளமா விட்ட எண்ணெய் தெறிச்சு ஷாக்கு மேல படிஞ்சு, மேல தூசி ஒட்டி, பாக்குறதுக்கு அச்சு அசலா சீல் (ராடு உள்ள போற வாய்ல எண்ணெயை அடைச்சு நிறுத்துற ரப்பர் வளையம்) போன மாதிரியே இருக்கும்.

நான் பண்றது இதுதான்: பனியன் வேஸ்ட்டுல கொஞ்சம் பெட்ரோல் தொட்டு ஷாக்கை சுத்தமா தொடச்சு, காஞ்ச பெறகு முகத்துக்குப் போடுற பவுடரை மேல இருந்து கீழ வரைக்கும் அப்பிட்டு ஒரு ரவுண்டு, கோரிப்பாளையத்துல இருந்து ஏவி பாலம் ஏறி யானைக்கல் இறங்கி சிம்மக்கல் போயி திரும்பி வந்தா போதும். வீட்டுக்காரி "வண்டிக்கு மேக்கப்பா"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும். வந்து பாத்தா, வெளிப்பக்கமா புள்ளி புள்ளியா நனைஞ்சிருந்தா அது செயின் எண்ணெய். ராடு உள்ள போற வாய்ல வளையம் மாதிரி நனைஞ்சு அதுல இருந்து கீழ கோடு இறங்கியிருந்தா சீல் போச்சு. முழுசா கவர் போட்ட ஷாக்குல வாய் தெரியாது, கவரோட அடி ஓரத்துல கசிஞ்சு நிக்கும், அங்க பாருங்க.

சீல் போச்சுன்னு தெரிஞ்சதும் சீல் வாங்க ஓடாதீங்க. சீல் ஏன் போச்சுன்னு கேளுங்க. பத்துக்கு ஏழு, என் அனுபவத்துல, ராடுல துரு இருக்கும். ராடை முழுசா வெளிய இழுத்து நகத்தை மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டுங்க, சுத்தி நாலு பக்கமும். நகம் எங்கயாவது இடறுச்சுன்னா அந்தக் குழி ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் புது சீலை அரம் மாதிரி ராவும், ஒரு மாசம் தாங்காது. கண்ணுக்கு மட்டும் கறுப்பாத் தெரிஞ்சு நகத்துல இடறலைன்னா ரொம்ப நைசான உப்புத்தாள்ல எண்ணெய் தொட்டு, ராடைச் சுத்தி, வளையல் போடுற மாதிரி தேய்க்கணும், நீளவாக்குல தேய்ச்சா எண்ணெய் வெளிய வர்றதுக்கு நீங்களே வாய்க்கா வெட்டி விட்ட மாதிரி. நகம் இடறுற அளவு குழின்னா ராடை ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் பண்ணணும், இல்ல ராடை மாத்தணும். இதைப் பண்ணாம சீல் மட்டும் போட்டு அனுப்புன ஒரு கடைக்கு நான் ஒரே வருசத்துல மூணு தடவை போயிருக்கேன், மூணு தடவையும் காசு கொடுத்துருக்கேன்.

டக்கு டக்குன்னு சத்தம்

இதுலதான் ஜனங்க அதிகமா காசை விடுறது, நானும்தான்.

சின்னப் பள்ளத்துக்குக் கூட சத்தம் வருது ஆனா வண்டி ஆடல, அமுக்கிப் பாத்தா நல்லாத்தான் நிக்குதுன்னா எண்ணெயை விட்டுருங்க. ஷாக்கோட ரெண்டு முனையிலயும் கண்ணு இருக்கும், அதுக்குள்ள ரப்பர் புஷ்ஷு. கூட ஒரு ஆளைச் சீட்டுல உக்காந்து குதிக்கச் சொல்லிட்டு, நீங்க குத்த வச்சு உக்காந்து மேல் கண்ணுலயும் அது மாட்டியிருக்குற போல்ட்டுலயும் சேந்தாப்புல ஒரு விரலை வைங்க. புஷ்ஷு போயிருந்தா அந்த 'டக்கு' காதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரியும். இதே மாதிரி கீழ் கண்ணுல, அப்பறம் அந்தப் பக்கம். விரலை ஸ்ப்ரிங் இடுக்குல மட்டும் விட்டுறாதீங்க.

நாலு கண்ணுலயும் ஒண்ணும் தெரியலைன்னா ஷாக்கை விட்டு வெளிய தேடணும். சைலன்சர் கிளாம்பு, பின் மட்காட் தாங்கி, டூல் பாக்ஸ் மூடி, சென்டர் ஸ்டாண்டு. எனக்கு மூணாவது செட்டு ஷாக்கு மாட்டிட்டு வீட்டுக்கு வர்ற வழியிலயே அதே சத்தம் கேட்டுச்சு, அப்ப வந்த எரிச்சல் இருக்கே. ஸ்டாண்டு ஸ்ப்ரிங் தொய்ஞ்சு போயி பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்டாண்டு மேல அடிச்சுக்கிட்டு இருந்துருக்கு. ஸ்டாண்டை ஒரு கயித்தால இறுக்கிக் கட்டிட்டு ஓட்டிப் பாத்துருந்தா ஒரு நாள்ல தெரிஞ்சிருக்கும்.

புஷ்ஷு மாத்துறது பெரிய வேலை இல்ல. வைஸ்ல ஒரு பக்கம் புஷ்ஷை விட சின்ன சாக்கெட், அந்தப் பக்கம் புஷ்ஷு வந்து விழுற அளவுக்கு பெரிய சாக்கெட் வச்சு இறுக்குனா வெளிய வந்துரும். புதுசு ஏத்தும்போது சோப்புத் தண்ணி தொட்டு ஏத்துங்க. கிரீஸ், டீசல், வேஸ்ட் ஆயில் எதுவும் வேணாம், ரப்பர் ஊதி கூழாப் போயிரும். 'கீச்சு கீச்சு'ன்னு கத்துற புஷ்ஷுக்கு மேல இருந்து எண்ணெய் விடுறவங்களுக்கும் இதேதான், அன்னைக்குச் சத்தம் நிக்கும், ஆறு மாசத்துல புஷ்ஷு நிக்காது.

ஆள் ஏறுனா 'தட்'டுன்னு அடிவாங்குது

தனியாப் போகும்போது ஒண்ணும் இல்ல, வீட்ல ஆளையும் ஒரு சிப்பம் அரிசியையும் ஏத்துனா வேகத்தடையில முதுகெலும்பு வரைக்கும் அடிக்குது. இது ஸ்ப்ரிங் கணக்கு. அடியில படி படியா ஒரு வளையம் இருந்தா சி ஸ்பேனர் போட்டு ரெண்டு பக்கமும் ஒரே படிக்கு ஏத்திப் பாருங்க. அதுவும் பத்தலைன்னா டேப் எடுங்க. சென்டர் ஸ்டாண்டுல வீல் தொங்கும்போது ஆக்சில்ல இருந்து நேர் மேல மட்காட்ல ஒரு குறி வரைக்கும் அளந்துக்கங்க, அப்பறம் நீங்க ஏறி உக்காந்து இன்னொரு ஆளை அதே இடத்தை அளக்கச் சொல்லுங்க. நம்ம வண்டிக்குப் பின்னாடி மொத்த ஆட்டமே 3 இஞ்ச் சுத்தித்தான், அதுல ஒரு ஆள் உக்காந்ததுக்கு ஒரு இஞ்சு இறங்குனா சரி. உக்காந்த உடனே பாதிக்கு மேல இறங்கிருச்சுன்னா ஸ்ப்ரிங் சோந்து போச்சு, அதுக்கு மாத்துறதைத் தவிர வைத்தியம் இல்ல. ஸ்ப்ரிங்குக்கு அடியில வாஷர் அடுக்கி முட்டுக் கொடுக்குறது ஒரு வழிதான், அளவு மீறுனா ஸ்ப்ரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், அப்பறம் அது ஸ்ப்ரிங் இல்ல, இரும்புக் குழாய். ராடுல கோத்திருக்குற தடுப்பு ரப்பரையும் பாருங்க, முப்பது வருசத்துல அது உதுந்து பொடியாயிருக்கும்.

கல்லு மாதிரி இருக்கு

டயர் காத்து சரின்னா, யாரோ உள்ள 90 ஆயில் ஊத்தியிருக்காங்க. இது நம்மூர்ல ஒரு வியாதி. "கெட்டியா ஊத்துனா கெட்டியா நிக்கும்ணே"ன்னு கியர் ஆயிலை ஊத்திருவாங்க. அவ்வளவு கெட்டி எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டையில வேகமாப் போகாது, அதனால அடி விழும்போது ஷாக்கு அமுங்கவே அமுங்காது, தொடர்ந்து குண்டும் குழியுமா வந்தா அமுங்குனது திரும்பி எழும்புறதுக்குள்ள அடுத்த குழி வந்துரும், பின் வீல் ரோட்டைத் தொடாமத் தத்திக்கிட்டே போகும். மேனுவல்ல போட்டிருக்குறதுதான் கணக்கு. மேனுவல் கெடைக்கலைன்னா 10க்கும் 20க்கும் நடுவுல ஒரு ஃபோர்க் ஆயில்ல ஆரம்பிங்க, நான் வெயிலுக்காக 20 ஊத்துறேன்.

அளவுக்கு மேல ஊத்துனாலும் கல்லுதான். ராடு உள்ள இறங்கும்போது அது பிடிக்கிற எடத்துக்கு எண்ணெய் எங்கிட்டாவது ஒதுங்கணும், ஒதுங்க இடம் இல்லன்னா சீலைப் பிதுக்கிக்கிட்டு வெளிய வரும்.

வண்டி ஒரு பக்கமா சாயுது

ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கான்னு பாருங்க, முக்கால்வாசி அதுதான். இல்லாட்டி ரெண்டையும் கழட்டிப் பக்கத்துல வச்சு, கண்ணு நடுவுல இருந்து கண்ணு நடு வரைக்கும் அளங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துன வண்டியில இந்தக் கூத்து நடக்கும், அதனாலதான் ஜோடியா மாத்துங்கன்னு சொல்றது.

கழட்டுறது, திறக்குறது

ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் கழட்டுங்க. ரெண்டையும் சேத்துக் கழட்டுனா ஸ்விங் ஆர்ம் தொபுக்குன்னு கீழ விழும், திருப்பி போல்ட்டு ஓட்டையை நேர் பாக்குறதுக்குள்ள வேர்த்து ஊத்திரும். ரெண்டும் எடுத்தே ஆகணும்னா வீலுக்கு அடியில மரக்கட்டை வச்சுக்கங்க. துரு பிடிச்ச நட்டுக்கு மொத நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு வச்சிருங்க.

ஸ்ப்ரிங்தான் ஆபத்து. ஷாக்கைக் கழட்டி வெளிய வச்சிருக்கும்போதே அது அமுங்குன நிலையிலதான் இருக்கு, மேல பிறை மாதிரி ரெண்டு துண்டு லாக்கு அதைப் பிடிச்சு வச்சிருக்கு. ஸ்ப்ரிங் அமுக்குற கம்ப்ரெசர் இருந்தா நல்லது. இல்லாட்டி வெல்டிங் பட்டறையில ரெண்டு தட்டும் ரெண்டு நீள மரை ராடும் வச்சு ஒண்ணு செஞ்சுக்கலாம். ஒரு ஆள் உடம்பு வெயிட்டைப் போட்டு அமுக்க இன்னொரு ஆள் லாக்கை உருவுறதுதான் பட்டறை வழக்கம், எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் அப்படித்தான் பண்ணுவார், அவர் கட்டை விரல் நகம் ஏன் அப்படி இருக்குன்னு கேட்டா சிரிப்பார். மூஞ்சியை நேர் மேல நீட்டாதீங்க, அம்புட்டுத்தான்.

மேல மரை நட்டு வச்ச ரகம்னா வைஸ்ல அடிக் கண்ணைப் பிடிங்க. குழாயைப் பிடிச்சு இறுக்குனா நெளிஞ்சிரும், பிஸ்டன் அப்பறம் அந்த இடத்துல சிக்கும். நட்டைத் திறந்து ராடை மெதுவா உருவி, வர்ற சாமானை வர்ற வரிசையிலயே நியூஸ் பேப்பர்ல வரிசையா வைங்க, போன்ல ஒரு படமும் எடுத்துக்கங்க. வர்ற எண்ணெய் கறுப்பா மீன் வாடை அடிக்கும், அதுல வெள்ளி மாதிரி மினுமினுப்பு இருந்தா பிஸ்டன் தேயுது.

சீல் மேல மூணு நம்பர் இருக்கும், உள் விட்டம் வெளி விட்டம் கனம். அதே நம்பர் கெடைச்சா மட்டும் பத்தாது, சுத்துற தண்டுக்குப் போடுற சீல் வேற, ஏறி இறங்குற ராடுக்குப் போடுற சீல் வேற, கடையில அதைச் சொல்லிக் கேளுங்க. மாட்டும்போது குட்டி ஸ்ப்ரிங் இருக்குற உதடு எண்ணெய்ப் பக்கம் பாக்கணும். ராடு முனையில இருக்குற மரை சீலைக் கிழிச்சிரும், அது மேல ரெண்டு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டி, எண்ணெய் தடவி, திருகிக்கிட்டே இறக்குங்க. இந்த டேப்புக்கு சோம்பல்பட்டுத்தான் என் மொத சீல் மாட்டுன அன்னைக்கே ஒழுகுச்சு.

எண்ணெயை மெடிக்கல்ல வாங்குன 50 மில்லி சிரிஞ்சால அளந்து ஊத்துங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஊத்திட்டு ராடை மெதுவா ஏத்தி இறக்கி கொப்புளம் எல்லாம் வெளிய வந்த பெறகு, ராடை முழுசா அமுக்குன நிலையிலயும் மேல காத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கான்னு பாத்துட்டு மூடுங்க. வாயை மடக்கி மூடுன ரகத்தை அறுத்து மரை போட்டுத் தர்ற லேத்துக்காரங்க இருக்காங்க, நல்லா செய்றவர் கைக்குப் போனா உழைக்கும். ஆனா எண்ணெய் உள்ள இருக்கும்போதே வெல்டு வைக்கிறேன்னு யாராச்சும் சொன்னா ஷாக்கைத் தூக்கிக்கிட்டு வந்துருங்க, மூடுன குழாய்ல எண்ணெய் கொதிச்சா அது வெடிதான்.

வண்டியில மாட்டும்போது நட்டை மொதல்ல லேசா மட்டும் பிடிச்சு வைங்க. ஸ்டாண்டுல இருந்து இறக்கி, ஏறி உக்காந்து ரெண்டு தடவை அமுக்கிட்டு, வண்டி சொந்தக் கால்ல நிக்கும்போது இறுக்குங்க. வீல் தொங்குற நிலையிலயே இறுக்குனா இரும்போட ஒட்டுன ரப்பர் புஷ்ஷு எப்பவும் முறுக்குன நிலையிலயே இருந்து சீக்கிரம் கிழியும்.

புது ஸ்ப்ரிங் போட்டிருந்தா பின்பக்கம் முன்ன விட ஒசந்து நிக்கும், அதோட செயின் தொய்வும் மாறிருக்கும், அதை ஒரு தடவை பாத்துருங்க. நூறு கிலோமீட்டர் ஓடுன பெறகு நாலு நட்டுலயும் ஸ்பேனர் வச்சுப் பாருங்க, எனக்கு வலது பக்க மேல் நட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் கால் சுத்து எடுக்குது, ஏன்னு இன்னும் பிடிபடல, ஸ்ப்ரிங் வாஷர் மாத்திப் பாத்துட்டேன், இந்த வாரம் நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு) போடப் போறேன்.